கிட்ட, தூரம், கோழி

லாவோ நாட்டின் பேங் ஆற்று அணைக்கட்டு முகாமில் சாயங்காலமானால் தைல வாசனை ஆளைத் தூக்கும். கம்பி கட்டுகிறவர்கள் முதுகில் தேய்ப்பார்கள். கான்கிரீட் கொட்டுகிறவர்கள் தோளில் தேய்ப்பார்கள். சீபான் மட்டும் தாடையில் தேய்ப்பான்.

"என்ன கோழியண்ணே, இன்னிக்கு ரொம்ப மென்னுட்டீங்களா?" என்று எதிர்க் கட்டிலிலிருந்து பூன்லாய் கேட்பான்.

"ஆமாண்டா தம்பி. ஒன் பேச்சத்தான் மென்னேன். ஒரே எலும்பு."

கொட்டகை சிரிக்கும். சீபானும் சிரிப்பான். சிரித்தால் தாடை இன்னும் கொஞ்சம் வலிக்கும்.

சீபானுடைய வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. மலையைப் புரட்டுகிறவன் பூன்லாய். அணைக்கு வேண்டிய கல்லை வலது கரைக் குவாரியில் வெடி வைத்து எடுக்கிறார்கள். அந்த வெடிக்காரன் அவன்தான். சீபான் குவாரிக்கு மேலே இருக்கிற மேட்டில் ஒரு மூங்கில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். முதல் சங்கு ஊதியதும் குவாரியில் இருப்பவர்கள் விலகுவார்கள். இரண்டாவது சங்கு ஊதியதும் பூன்லாய் வாக்கி டாக்கியில், "மேட்டுல?" என்று கேட்பான். சீபான் நாலு பக்கமும் பார்த்து, கண்ணில் படுகிற ஆள் கிட்ட இருக்கிறாரா தூரத்தில் இருக்கிறாரா என்று சொல்ல வேண்டும். கிட்ட என்றால் வெடி நிற்கும். தூரம் என்றால் மூன்றாவது சங்கு ஊதும், மலை இடியும். முகாம் முழுக்க ஒரே அலைவரிசை. சுரங்கத்துக்காரன், லாரிக்காரன், சமையல்கட்டு எல்லாரும் அதில்தான் கத்துவார்கள். ஆகவே மேட்டுக்காரன் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும் என்பது சட்டம்.

அந்த ஒரே சொல்லில்தான் சீபானின் தாடை மாட்டிக்கொண்டது.

லாவோ பேச்சில் கிட்ட என்பதற்கும் 'கை', தூரம் என்பதற்கும் 'கை'. குரல் மேலிருந்து சறுக்கி இறங்கினால் கிட்ட. கீழிருந்து இழுத்து ஏறினால் தூரம். தாயிடம் பால் குடித்தபோதே லாவோ பேச்சைக் குடித்தவர்களுக்கு இதில் சிக்கலே கிடையாது. இரண்டும் அவர்கள் காதுக்கு வானமும் பூமியும். சீபான் கமு இனத்தான். அவன் வீட்டுப் பேச்சில் ராகம் கிடையாது. நெல்லை நெல் என்பான், மழையை மழை என்பான், ஏற்ற இறக்கம் எல்லாம் மலையில்தான். அதனால் அவன் லாவோ பேசும்போது இந்தச் சொல் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது; தட்டையாக வந்து விழும்.

தட்டையாக விழுகிற 'கை' என்றால் கோழி.

மேட்டு வேலைக்குப் போன முதல் நாள் பூன்லாய் கேட்டான். மாடு மேய்க்கும் ஒருவர் அக்கரையில் எங்கோ போய்க்கொண்டிருந்தார். சீபான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தூரம் என்று நினைத்து, கோழி என்றான். அலைவரிசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சுரங்கத்திலிருந்து ஒருவன் கொக்கரித்தே காட்டினான். அன்றைக்குச் சாயங்காலம் அவன் முகாமுக்கு இறங்கி வந்தபோது அவன் பேர் மாறியிருந்தது. கோழியண்ணன்.

பேரைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. கவலை வேறு.

மேட்டுக்கு வருவதற்கு முன்னால் அவன் சுரங்கத்தில் இருந்தான். ஆற்றைத் திருப்பிவிடுவதற்காக மலைக்குள் தோண்டும் சுரங்கம். உடைத்த கல்லை வாரி வண்டியில் போடும் வேலை. முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனான். பிறகு ஒரு நாள் விளக்கு அணைந்தது. அணைந்தது என்னவோ உண்மைதான்; ஆனால் ஒரு சுருட்டு குடிக்கிற நேரத்துக்குள் திரும்ப எரிந்தும்விட்டது. எரிந்தபோது சீபான் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஒட்டி வைத்து நின்றுகொண்டிருந்தான். கையை எடுக்க முடியவில்லை. மலை தன்மேல் சாய்கிறது, கையை எடுத்தால் விழுந்துவிடும் என்று அவன் உடம்பு முடிவு கட்டியிருந்தது. இரண்டு பேர் வந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள். அதற்குப் பிறகும் தினம் போனான். போகாமல் என்ன செய்வது? வாயிலுக்குள் நுழையும்போதே நெஞ்சுக்குள் யாரோ கல் வாரிப் போடுகிற மாதிரி இருக்கும். மேட்டுக் காவல்காரன் காய்ச்சலில் ஊருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்ட அன்று, சாப்பாட்டை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கேட்டு வாங்கிய வேலை இது. மேட்டில் முதல் நாள் உட்கார்ந்தபோது காற்று மூக்கு வழியாகப் போய்க் கால் கட்டைவிரல் வரைக்கும் இறங்கியதாகப் பெங்கிடம் சொன்னான்.

பெங் அவன் மனைவி. முகாம் சமையல்கட்டில் வேலை. மகள் கம்லாவைச் சீபானின் அக்கா வீட்டில் பள்ளிக்கூடத்துக்காக விட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள்.

கோழிச் சிரிப்பு இரண்டு மூன்று தடவை நடந்த பிறகு வின் பொறியாளர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். வியட்நாம்காரர். திட்டுகிற ஆள் இல்லை; அதுதான் சீபானுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சீபான், ஒங்க கண்ணுல எனக்குச் சந்தேகமே இல்ல. வாய்லதான் சந்தேகம். பூன்லாய் ஒவ்வொரு தடவையும் திருப்பித் திருப்பிக் கேட்டுத் தெளிவு பண்ணிக்கிறான். ஒரு நாள் கேக்காம விட்டுட்டான்னா?"

"பழகிக்கிறேன் சார்."

"பழகுங்க. இன்னொரு தடவ குழப்பம் வந்தா நான் ஒங்கள சுரங்கத்துக்கே திருப்பி அனுப்பணும். தண்டனையா எடுத்துக்காதீங்க. உயிர் சமாச்சாரம்."

அன்று சீபான் சாப்பிடவில்லை. ஒட்டுச் சோற்றைப் பிசைந்து பிசைந்து உருண்டையாக்கித் திரும்பவும் கூடையிலேயே வைத்தான். பெங் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெங்குக்கு லாவோ நன்றாக வரும். சமையல்கட்டில் வாய் இல்லாதவள் பிழைக்க முடியாது. அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

"கம்லாப்பா, இங்க பாரு. தூரம்னு சொல்லணுமா? தாடைய நெஞ்சோட ஒட்டிக்க. சொல்லிக்கிட்டே மெல்ல மேல தூக்கு. சத்தமும் கூடவே ஏறும். கிட்டன்னா, வானத்தப் பாத்துக்கிட்டு ஆரம்பி. பொத்துன்னு தாடையக் கீழ போடு."

"பைத்தியம்னு நெனைக்க மாட்டாங்களா?"

"மேட்டுல ஒன்ன யாரு பாக்குறா? குரங்கு பாத்தா பாத்துட்டுப் போவுது."

அன்றிலிருந்து பயிற்சி. துணி துவைக்கும்போது, கூரைத் தகரத்துக்கு மேல் கல் வைக்கும்போது, வரிசையில் நிற்கும்போது சீபானின் தாடை ஏறும், இறங்கும். சமையல்கட்டுத் தலைவி சோம்வாங் பெரியம்மா ஒரு நாள் சாறு ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, ஒனக்கு வேணுமா வேண்டாமா? மண்டைய மண்டைய ஆட்டுற?"

ஆனால் பலித்தது. தாடை ஏறினால் தூரம், இறங்கினால் கிட்ட. பூன்லாய்க்கே ஆச்சரியம். "அண்ணே, லாவோக்காரப் பொண்ணு எதையாச்சும் பாத்துட்டீங்களா? வாய்ல தேன் வடியுது." வலிதான் மிச்சம். அதற்குத் தைலம் இருக்கிறது.

புது வருஷம் நெருங்கியது. மலையெங்கும் காடு எரித்து விதைப்புக்குத் தயார் செய்கிற மாசம். வானத்தில் புகை மூடிக்கொண்டு சூரியன் மிளகாய்ப் பழம் மாதிரி தொங்கியது. மேட்டிலிருந்து கொடி காட்டினால் குவாரிக்குத் தெரியாது; குவாரியில் நிற்பவன் மேட்டுக்குத் தெரிய மாட்டான். எல்லாம் வாக்கி டாக்கிதான். மழைக்கு முன்னால் ஆற்றைத் திருப்பியாக வேண்டும் என்று வேலை பறந்தது. அதற்கு நடுவில் புது வருஷத்துக்கு ஒரு நாள் விடுப்பு, விருந்து உண்டு என்று மேலிடம் சொல்லியிருந்தது. சோம்வாங் பெரியம்மா ஆற்றில் படகு அனுப்பி நாட்டுக் கோழிகளைப் பிரப்பங்கூடைகளில் வரவழைத்திருந்தார். அந்தக் கோழிகளைத் தன் பேரப்பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டார். "இதுல ஒண்ணு கொறஞ்சாலும் கொறச்சவன் தொடைய அறுத்துப் போட்டுருவேன்," என்று முகாமுக்கே எச்சரிக்கை.

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவுகிற நேரம். முதல் சங்கு ஊதியது. சீபான் பந்தலுக்கு வெளியே வந்து நின்றான். புகை. ஆறு எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். குவாரிக்கும் மேட்டுக்கும் நடுவே வறண்ட ஓடை ஒன்று இறங்குகிறது. அதில் வழக்கமாக யாரும் வருவதில்லை. முகாம் பக்கம் வேலி இருக்கிறது.

இரண்டாவது சங்கு.

"மேட்டுல?" என்றான் பூன்லாய்.

சீபான் தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, தூரம் சொல்லத் தயாராகக் கடைசியாக ஒரு தடவை ஓடையைப் பார்த்தான். புகை கொஞ்சம் விலகியது. ஓடைக்குள் ஓர் ஆள். குனிந்தபடி, பதுங்கிப் பதுங்கி, குவாரி இருக்கும் பக்கமாக. வெடி வைத்த பாறைக்கும் அந்த ஆளுக்கும் நடுவே ஒரு கல்லெறி தூரம்கூட இல்லை.

தாடை என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோனது.

"கை! கை!" என்று கத்தினான்.

தட்டை. பலகையில் அடித்த ஆணி மாதிரி தட்டை.

பிறகு பூன்லாயின் சிரிப்பு. "ஏலேய், திரும்பவும் ஆரம்பிச்சிட்டாருடா! எவ்வளவு நாளாச்சு! அண்ணே, கோழியா? மேட்டுல கோழியா? விடுங்க, வெடிச்சப்பறம் சுட்ட கோழியா எடுத்துக்கலாம். உப்பும் மொளகாயும் நான் கொண்டாறேன்."

சீபான் பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்தினான். லாவோவில் கத்தினான், கமுவில் கத்தினான். அந்தப் பக்கம் ஒருவன் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் கத்துவது கருவிக்குள்ளேயே செத்துப்போகும். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் கத்தினான். பூன்லாய் சிரித்து முடிக்கவில்லை. சிரிப்போடு சிரிப்பாக, "மூணாவது சங்கு ஊதுப்பா," என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

பொத்தானை விட்டான். பூன்லாய் விட்ட அந்த ஒரு நொடி இடைவெளியில் சீபானுக்கு முன்னால் வேறொரு குரல் பாய்ந்து உள்ளே நுழைந்தது. முகாமிலேயே பெரிய குரல்.

"எவன்டா அது என் கோழியச் சுடுறவன்?"

சோம்வாங் பெரியம்மா.

"பூன்லாய்! நீதானே? வெடிப் பொத்தான்மேல கைய வச்ச, நாளைக்கு ஒனக்குச் சோறு கெடையாது. நாளான்னைக்கும் கெடையாது. வேலிக்குக் கீழ நுழஞ்சு ஓடுனது அந்தச் செவலக் கோழி. விருந்துக் கோழிடா அது! சங்க நிறுத்து!"

"பெரியம்மா, ஒரு கோழிக்காக வெடிய நிறுத்துனா வின் சார்..."

"வின் சாருக்கும் சோறு கெடையாது! அந்தக் கோழி ஓடைப் பக்கமாத்தான் போச்சுன்னு பெங் அது பின்னாலயே..."

பெரியம்மாவின் குரல் அங்கே நின்றது. தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுவிட்டார்.

பிறகு பூன்லாயின் குரல் வந்தது. சிரிக்கிற பூன்லாய் இல்லை, வேறு யாரோ.

"நிறுத்துங்க. எல்லாரும் கைய எடுங்க. கம்பியக் கழட்டு. கழட்டுடா!"

சீபான் மேட்டில் உட்கார்ந்தான். அந்த ஆள் யார் என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. குனிந்து போன முதுகு, கீழ்ப்பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்த விதம். தினமும் பார்க்கிற முதுகு. புகைக்குள் எவளோ எவனோ என்று நினைத்த முதுகு.

புகை திரும்ப விலகியது. ஓடையின் நடுவில் பெங் நிமிர்ந்து நின்றாள். கக்கத்தில் செவலைக் கோழி. மேட்டைப் பார்த்து, பிடித்துவிட்டேன் என்று கோழியைத் தூக்கிக் காட்டினாள். பற்கள் தெரிந்தன.

சீபான் கையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே அழுதான். அங்கே பார்ப்பதற்கு ஆள் இல்லை, குரங்கும் இல்லை.

அவன் இறங்கி ஓடையை அடைந்தபோது பூன்லாய் முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். பெங்குக்கு விஷயம் இப்போதுதான் தெரிந்திருந்தது. கோழியை விடவும் தெரியாமல் வைத்திருக்கவும் தெரியாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். கோழி மூச்சுமுட்டிக் கத்தியது.

"சங்கு கேக்கலையா புள்ள?" என்றான் சீபான். கோபமாகத்தான் கேட்க நினைத்தான். குரல் வேறு மாதிரி வந்தது.

"கேட்டுச்சு. மொத சங்குதானேன்னு நெனச்சேன். நாள் பூரா எதாச்சும் ஊதிக்கிட்டே இருக்கு. மூணாவதுக்குள்ள பிடிச்சிரலாம்னு..."

"பிடிச்சிருவ. பிடிச்சிருப்ப," என்று சொல்லிவிட்டு அவள் தலையில் ஒட்டியிருந்த சருகை எடுத்தான். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

வின் பொறியாளரின் தகர அறைக்கு எல்லாரும் போனார்கள். சீபானுக்குப் போகிற வழியெல்லாம் சுரங்க வாயில் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. கறுப்பாக, வாயைத் திறந்துகொண்டு. இன்னொரு தடவை குழப்பம் வந்தால் என்று சொல்லியிருந்தார். இதைவிடப் பெரிய குழப்பம் என்ன வரப்போகிறது? பரவாயில்லை என்று நினைத்துப் பார்த்தான். பெங் பக்கத்தில் நடந்து வருகிறாள், அது போதும், சுரங்கமென்ன பாதாளமே ஆகட்டும். ஆனாலும் உள்ளங்கை வியர்த்தது. உடம்புக்கு நியாயம் தெரியாது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று வின் சீபானைக் கேட்டார்.

"கிட்டன்னு சொன்னேன் சார்."

"நீ என்ன கேட்ட?"

பூன்லாய் தரையைப் பார்த்தான். அவன் நினைத்திருந்தால், தூரம் என்று கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆளைச் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

"கோழின்னு கேட்டேன் சார். இவருக்கு பயம் வந்தா அப்டித்தான் வரும்னு எனக்குத் தெரியும். திருப்பிக் கேட்டிருக்கணும். கேக்காம சிரிச்சேன். தப்பு என்னோடது."

வின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சிரிச்சதுக்கு நீ ஒரு மாசம் வெடிப் பக்கம் தனியா நிக்கக் கூடாது. கூட ஒரு ஆள் போடுறேன். சரி. ஆனா சீபான், நான் ஒங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன்..."

"சொன்னீங்க சார்."

"தாடைய ஆட்டிச் சொல்றீங்கன்னு கேள்விப்பட்டேன். நல்ல யோசனைதான். பயம் வந்தா தாடை மறந்துபோவுது. பயம் வர்ற நேரத்துலதான் எனக்கு அந்தச் சொல்லே வேணும்."

அது சரிதான் என்று சீபானுக்கே தோன்றியது.

அப்போது கதவோரம் நின்ற பெங் வாய் திறந்தாள். கோழி இன்னும் கக்கத்தில்தான் இருந்தது.

"சார், அவரு கோழின்னு கத்துனதாலதான் பெரியம்மா காதுல விழுந்துச்சு. நான் இங்க நிக்கிறேன்."

வின் அவளைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். மூலையில் கைகட்டி நின்ற சோம்வாங் பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு சீபான் பக்கம் திரும்பினார்.

"சீபான், பயந்தாலும், தூக்கத்துல எழுப்பினாலும், ஒங்க வாய்ல தப்பாம வர்ற சொல் எது?"

சீபான் யோசித்தான். "கோழிதான் சார். அது ஒண்ணுதான் எனக்கு ஒழுங்கா வரும்."

"அப்ப அதையே வச்சுக்குவோம். கோழின்னா கிட்ட. கோழின்னா நில்."

பூன்லாய்க்குச் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டான். பெரியம்மா கடிக்கவில்லை. குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"அப்ப தூரத்துக்கு?" என்றார் வின்.

"வாத்து," என்றாள் பெங். "பெத். நறுக்குன்னு நிக்கிற சொல்லு. ஏத்தவும் வேணாம், எறக்கவும் வேணாம்."

"எங்க, சொல்லுங்க சீபான்."

"பெத்."

"திரும்ப."

"பெத். பெத்."

நம்ப முடியாமல் சீபானே தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். தாடை அசையவில்லை. வின் எழுந்துகொண்டார். "நாளைக்கு மேட்டுக்குப் போங்க. சுரங்கத்துக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்." என்னமோ சாதாரண விஷயம் மாதிரி சொல்லிவிட்டு மேசையில் இருந்த படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சீபான் வெளியே வந்து, தகரச் சுவரில் சாய்ந்து, வயிறு நிறையக் காற்றை இழுத்தான். புகைக் காற்றுதான். கட்டைவிரல் வரைக்கும் இறங்கியது.

அப்படி ஒரு பயம் வந்தால் உயிரில் ஒரு பங்கு உடம்பைவிட்டு ஓடிவிடும். அதைக் கூப்பிட்டுத் திரும்பக் கொண்டுவந்து மணிக்கட்டில் நூல் கட்டி நிறுத்த வேண்டும். லாவோக்காரரானாலும் கமுக்காரரானாலும் இதில் இரண்டு பேச்சு இல்லை. பொழுது சாய்வதற்குள் சமையல்கட்டுக்குப் பின்னால் பாய் விரித்தார்கள். பெரியம்மா செவலைக் கோழியைத் தானே கொண்டுவந்து வைத்தார்.

"விருந்துக் கோழியாச்சே பெரியம்மா?" என்றான் பூன்லாய்.

"இதுக்கு மேல என்னடா விருந்து? ஓடுன கோழிதான் ஓடுன உயிரக் கூட்டியாரும். வாய மூடிட்டு நூல எடு."

உயிரைக் கூப்பிடும் வார்த்தை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தூரத்தில் நிற்காதே, கிட்ட வா. பெரியம்மா, வீட்டுக்காரன்தான் கூப்பிட வேண்டும் என்று சீபானை முன்னால் தள்ளினார். கூட்டத்தில் யாரோ, "பாத்துண்ணே, உயிருக்குப் பதிலா முகாம்ல இருக்கிற கோழியெல்லாம் வந்துரப்போவுது," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பெங்தான் முதலில் சிரித்தாள். மத்தியானத்துக்குப் பிறகு அவள் சிரிப்பது அதுதான் முதல் தடவை.

சீபானும் சிரித்துவிட்டுப் பாயில் சம்மணம் போட்டான். அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தன் பேச்சிலேயே கூப்பிட ஆரம்பித்தான். கமுவில் கிட்ட வேறு சொல், தூரம் வேறு சொல். ஒன்றை மற்றொன்றாக யாராலும் மாற்றிக் கேட்க முடியாது. ஓடையில் நிற்காதே, புகைக்குள் நிற்காதே, குவாரி வாயில் நிற்காதே. தூரத்தில் என்ன இருக்கிறது உனக்கு? சோறு இங்கே இருக்கிறது, உப்பு இங்கே இருக்கிறது, கம்லா இங்கே வரப்போகிறாள். கிட்ட வா. கிட்ட வா. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. இத்தனை நாளாக ஒற்றைச் சொல்லுக்குத் தாடை வலிக்க வலிக்கப் போராடிய ஆள் இவன்தானா என்று சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அர்த்தம் புரியவில்லை. ஆனாலும் இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

நூல் கட்டும்போது பூன்லாயும் வந்தான். பெங்குக்குக் கட்டிவிட்டு, சீபான் கையைப் பிடித்து இழுத்து அதிலும் ஒன்று கட்டினான். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"ஒன் உயிரும் கொஞ்சம் ஓடித்தான் போச்சு போல தம்பி," என்றான் சீபான்.

"மொத்தமா போயிருச்சுண்ணே. எனக்கும் ஒண்ணு கட்டுங்க."

சீபான் கட்டினான். பிறகு சோற்றுக் கள் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார்கள். நீள மூங்கில் குழலை ஆளுக்கொரு பக்கம் வாயில் வைத்து உறிஞ்சினார்கள்.

மறுநாள் புகை அப்படியேதான் இருந்தது. முதல் சங்கு ஊதியது. பூன்லாய் பக்கத்தில் புது ஆள் ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். சீனாக்காரன், லாவோவில் சாப்பாட்டுச் சொற்கள் மட்டும் தெரியும். இரண்டாவது சங்கு ஊதியது.

"மேட்டுல?" என்றான் பூன்லாய். கேட்டுவிட்டு உடனே பொத்தானை விட்டான்.

சீபான் ஓடையைப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். யாருமில்லை. புகை கொஞ்சம் விலகியபோது, அக்கரையில் விறகுக்காரர் ஒருவர் முதுகில் சுமையோடு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார். சமையல்கட்டுப் பக்கம் புகைபோக்கியிலிருந்து புகை. வேலி ஓட்டையை அடைத்துப் பெங் வைத்த முள் கட்டு அங்கிருந்து தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

"பெத்," என்றான்.

"என்ன?"

"வாத்துடா தம்பி. ஒரு வாத்து. அக்கரையில."

"வாத்து ஒண்ணு, அக்கரையில," என்று பூன்லாய் திருப்பிச் சொன்னான். "சரிதானேண்ணே?"

"சரிதான்."

பூன்லாய் பக்கத்திலிருந்த சீனாக்காரன் ஏதோ கேட்பதும், பூன்லாய் அவனுக்கு, "இல்லப்பா, சாப்பாடு இல்ல, இது வேற," என்று சொல்வதும் கேட்டது. நடுவில் பெரியம்மாவின் குரல், "வாத்து யாருதுடா?" என்று நுழைந்தது. சுரங்கத்திலிருந்து எவனோ குவாக் குவாக் என்றான். சீபான் சிரித்தான். சிரித்தபோது எங்கேயும் வலிக்கவில்லை.

மூன்றாவது சங்கு ஊதியது. அவன் காதைப் பொத்திக்கொண்டான்.